நாற்பத்தொரு பேர் நின்ற படம்

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரை மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்குத் தெற்கே புதிதாகக் கட்டி முடித்திருந்த ஜவுளிக்கடையின் மொட்டை மாடியில், முக்காலி மேல் ஏறி நின்று கேமராவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள் லின்சி. அவளுக்கு எதிரே நாற்பத்தொரு பெண்கள். எல்லோரும் இந்தக் கடை முதலாளிக்குச் சொந்தமாகச் சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கும் பெரிய கடையில் சேல்ஸ் வேலை பார்ப்பவர்கள். ஸ்ரீரங்கத்துக் கிளை ஆவணியில் திறக்கப்போகிறது. அதன் நெற்றியில் இருபதடி அகலத்துக்கு ஒரு போர்டு வைக்க வேண்டும். நடிகை படமெல்லாம் வேண்டாம், நம்ம கடைப் பொண்ணுங்களே நிக்கட்டும், பின்னால கோபுரம் தெரியட்டும் என்று முதலாளி ஜெயக்குமார் சொல்லிவிட்டார். நல்ல யோசனைதான். அதற்காகவே எல்லோருக்கும் ஒரே மாதிரி வெளிர்சந்தனப் புடவை, அரக்கு பார்டர். இரண்டு வேன் வைத்துக் காவிரிப் பாலம் தாண்டிக் கூட்டிவந்திருந்தார்கள். பத்து மணிக்குள் திரும்பிப் போய்க் கடை திறக்க வேண்டும். ஆடித் தள்ளுபடிக் கூட்டம் வாசலிலேயே நிற்கும்.

ஆட்களை நிறுத்தும் பொறுப்பு விளம்பரக் கம்பெனி அரவிந்தனுடையது. முப்பத்தைந்து வயது, இஸ்திரி கலையாத சட்டை, விறுவிறுப்பான ஆள். விரலை நீட்டி நீட்டிப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"நீங்க முன்னாடி உக்காருங்க. நீங்க நடுவுல. நீங்க பின்னாடி. நீங்களும் பின்னாடி."

லின்சிக்கு முதலில் எதுவும் உறைக்கவில்லை. திருவானைக்காவலில் ஒற்றை அறை ஸ்டுடியோ வைத்துக் காதுகுத்து, வளைகாப்பு, ஞானஸ்நானம் என்று ஒன்பது வருஷமாக ஓடிக்கொண்டிருப்பவளுக்கு இது பெரிய வேலை. போர்டின் மூலையில் 'படம்: லின்சி' என்று போடுவதாகவும் சொல்லியிருந்தார்கள். வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று பார்க்க, கேமராவை ஆட்டோ மோடில் வைத்தபடியே சும்மா ஒரு படம் தட்டினாள். பிறகுதான் தலையைத் தூக்கி வரிசைகளைப் பார்த்தாள்.

முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிவப்பு. நடுவரிசை மாநிறம். பின்வரிசைப் பதினான்கு பேரும் நல்ல கறுப்பு. நடுவரிசைக்குப் பெஞ்சு போட்டிருந்தது, பின்வரிசைக்கு அதுவும் இல்லை. எடுத்தால் அவர்களுடைய தலைப்பூ மட்டும்தான் தெரியும்.

பின்வரிசைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி நகரவில்லை. பெயர் ரஞ்சனி. லால்குடிப் பக்கத்திலிருந்து தினமும் காலை ரயிலில் வருகிறவள். பதினாறு வருஷ சர்வீஸ், பட்டு செக்‌ஷனின் மூத்த கை. கல்யாண ஜவுளிக்கு வருகிறவர்கள் மாடியேறியதும் "ரஞ்சனி இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

"என்னை எதுக்குத் தம்பி பின்னாடி அனுப்புறீங்க? நான் குள்ளம். பின்னாடி நின்னா தெரிய மாட்டேன்."

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இது டெக்னிக்கல் விஷயம்." அரவிந்தன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "டார்க்கா இருக்கிறவங்க முன்னாடி நின்னா கேமரால விழாது. மூஞ்சியே தெரியாம கறுப்பா அடிச்சிடும். வேணும்னா போட்டோகிராபரையே கேளுங்க."

கேட்கக்கூட அவன் விடவில்லை. முக்காலிக்குப் பக்கத்தில் வந்து, கேமராவின் முதுகுத் திரையில் லின்சி அப்போது தட்டியிருந்த படத்தை எட்டிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"இங்க பாருங்க எல்லாரும். இதோ. நான் சொன்னேன்ல?"

நாலைந்து பேர் வந்து பார்த்தார்கள். படத்தில் வானம் நன்றாக இருந்தது. கோபுரம் நன்றாக இருந்தது. புடவைகள் சாம்பல் பூத்துக் கிடந்தன. நடுவில் நின்றிருந்த ரஞ்சனியின் முகம் இருந்த இடத்தில் ஒரு கரிய நிழல்தான் இருந்தது. கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை. ஒரு பெண் "அய்யய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ரஞ்சனி பார்த்தாள். திரும்பிப் பின்வரிசைப் பக்கம் நடந்தாள்.

லின்சி திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

இந்தப் படத்தை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். ஒன்பது வயதில், முதல் நற்கருணை வாங்கிய அன்று, வெள்ளை கவுனும் வெள்ளை முக்காடும் போட்டுப் பாலக்கரையில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த படம். கவுனின் ஒவ்வொரு மடிப்பும் இருந்தது, கையில் பிடித்த மெழுகுவத்தி இருந்தது, அவள் முகம்தான் இல்லை. "பாப்பா கறுப்புல்ல, அதான்" என்றார் ஸ்டுடியோக்காரர். அப்பா தலையை ஆட்டிவிட்டு வாங்கி வந்துவிட்டார். அது பொய் என்று அவளுக்குத் தெரியவர இன்னும் பதினோரு வருஷம் ஆயிற்று. கேமரா படிக்கப் போன முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த அன்று அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

இன்று அதே பொய்க்குச் சாட்சியாக அவள் எடுத்த படத்தையே ஒருவன் ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, நில்லுங்க," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. முக்காலியிலிருந்து இறங்கினாள். "அவர் சொன்னது தப்பு. அந்தப் படமும் தப்பு. உங்க மேல தப்பில்ல. நான்தான் சோம்பேறித்தனமா ஆட்டோவுல வச்சுத் தட்டினேன்."

"மேடம், டைம் இல்ல," என்றான் அரவிந்தன்.

"ரெண்டு நிமிஷம்." அவள் அவனைப் பார்க்கவில்லை, பெண்களைப் பார்த்துத்தான் பேசினாள். "கேமராவுக்குள்ள ஒரு மீட்டர் இருக்கு. அதுக்கு ஆளு தெரியாது, முகம் தெரியாது, எவ்வளவு வெளிச்சம் வருதுன்னு மட்டும்தான் தெரியும். எதைக் காட்டினாலும் அது நடுவாந்திரமா, சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பாக்கும். இப்ப கீழ பாருங்க."

எல்லோரும் கீழே பார்த்தார்கள். மாடி முழுவதும் வெயில் இறங்காமலிருக்கப் பதித்த வெள்ளை டைல்ஸ். கண் கூசியது.

"கீழ வெள்ளை. கைப்பிடிச் சுவரு வெள்ளை. வானம் வெளுப்பு. நாற்பத்தொரு பேரும் கட்டியிருக்கிறது வெளிர்ப் புடவை. இவ்வளவு வெள்ளையைப் பாத்ததும் அது மிரண்டுபோயி வெளிச்சத்தைக் குறைச்சிடுது. புடவை சாம்பலாச்சு பாத்தீங்களா? புடவையே சாம்பலானா முகம் என்ன ஆகும்? சிவப்பா இருக்கிறவங்களும் இதுல இருட்டாதான் இருக்காங்க. நல்லாப் பாருங்க."

முன்வரிசையிலிருந்த பவித்ரா எழுந்து வந்து பார்த்தாள். கடையிலேயே வெளுத்த நிறம் அவளுக்குத்தான். "ஆமாடி, நானே காமாலை வந்தவ மாதிரி இருக்கேன்," என்றாள். சிரிப்பு எழுந்தது.

லின்சி கேமராவின் தலையில் இருந்த சக்கரத்தைக் கட்டைவிரலால் திருகினாள். திரையின் அடியில் ஒரு சின்ன அளவுகோல் உண்டு. நடுவில் பூஜ்யம், இடப்பக்கம் குறை, வலப்பக்கம் கூட்டு. முள்ளை வலப்பக்கம் ஒன்றுக்கும் சற்று மேலே தள்ளினாள். "நீ சொல்றதைவிட இவ்வளவு கூட்டிக் குடுன்னு மீட்டர்கிட்ட சொல்றேன்," என்று சொல்லி ஒரு படம் எடுத்தாள். புடவைகள் புடவைகளாயின. முகங்கள் மேலெழுந்து வந்தன. ஆனால் லென்ஸைத் திருகி நெருக்கமாக எடுத்தபோது வெளிர்ப் புடவைகளே படத்தை அடைத்துக்கொள்ள, மீட்டர் மறுபடி தன் கணக்கைப் போட்டு மறுபடி இருட்டாக்கியது.

"சொல்லிச் சொல்லிப் பாத்தும் கேக்கலன்னா, பேச்சையே நிறுத்திட வேண்டியதுதான்," என்று மேனுவலுக்குத் திருப்பினாள். இனி எல்லாம் அவள் வைத்ததுதான். நேரே ரஞ்சனியிடம் போனாள். "கையைக் காட்டுங்கக்கா."

"எதுக்கு? ஜோசியமா?"

"உள்ளங்கை. வெயிலைப் பாத்தாப்ல. முகத்துல எந்தப் பக்கத்து வெயில் விழுதோ அதே பக்கம்."

ரஞ்சனி தயங்கிக் கையை நீட்டினாள். பட்டு மடித்து மடித்து விரல் நுனியெல்லாம் வழவழப்பாயிருந்த கை. "பவித்ரா, நீயும் நீட்டும்மா," என்றாள் லின்சி. இரண்டு உள்ளங்கைகளையும் அருகருகே வைத்து ஒவ்வொன்றாகக் கேமராவால் அளந்தாள். மீட்டர் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டியது.

"உள்ளங்கை எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால அதைத்தான் அளப்பேன்."

உள்ளங்கை நடுவாந்திரத்தைவிட வெளுப்பு என்பதால், அளந்ததற்கு ஒரு படி கூட்டி வைத்தாள். ஐஎஸ்ஓ நூறு, லென்ஸ் துவாரம் எட்டு, ஷட்டர் இருநூறில் ஒரு பங்கு. திரும்பி முக்காலியில் ஏறி எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது முள் வலப்பக்கம் ஓடிப்போய் நின்று, வெளிச்சம் அதிகம், அதிகம் என்றது. சொல்லிக்கொள்ளட்டும். அவள் அழுத்தினாள். திரையில் கோபுரத்துக்கு இடப்பக்கம் வானத்தின் ஒரு மூலை மட்டும், வெளிச்சம் மிஞ்சிவிட்டது என்ற எச்சரிக்கையாக, வெளுத்துப்போய்க் கண்சிமிட்டியது. அந்த மூலை போனால் போகட்டும். புடவையின் இழை தெரிந்தது, பார்டர் தெரிந்தது. நாற்பத்தொரு முகமும் தெரிந்தது.

பெண்கள் கேமராவை மொய்த்துக்கொண்டார்கள். லின்சி ரஞ்சனியின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். அவள் முகத்தின் கறுப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் அது மினுங்கிய கறுப்பு. கன்ன எலும்பில் வெயில், மூக்குத்தியில் வெயில். புருவத்துக்கு மேலே சின்ன வயதில் வாங்கிய தழும்புகூட இருந்தது.

"இது நானா?" என்றாள் ரஞ்சனி.

"வேற யாரு?"

"கல்யாணப் படத்துலகூட நான் இப்படி இருந்ததில்லைங்க." அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அரவிந்தனைப் பார்த்தாள். "தம்பி, கேமரா சரியாயிடுச்சு. இப்ப எங்க நிக்கட்டும்?"

அரவிந்தன் திரையைப் பார்த்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "படம் சூப்பரா இருக்கு மேடம், இல்லேங்கல. ஆனா வரிசை அப்படியே இருக்கட்டும்."

"ஏன்?"

"அதுதான் லுக். கஸ்டமர் எதிர்பார்க்கிற லுக்குன்னு ஒண்ணு இருக்குல்ல?"

ஆடிக்காற்று முந்தானைகளை அடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப கேமரா இல்ல தம்பி," என்றாள் ரஞ்சனி நிதானமாக. "நீங்கதான்."

அவள் முன்வரிசை நாற்காலிக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே, வெள்ளை டைல்ஸ் மேல், புதுப்புடவையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "நாள் பூரா நிக்கிற காலு. கொஞ்சம் உக்காந்துக்கறேன். யார் எங்க நிக்கணும்னு முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க." பின்வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். நடுவரிசை பெஞ்சிலிருந்து இறங்கியது. கடைசியில் பவித்ராவும் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்து, "ஸ், சுடுதுடி," என்றாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"நீங்களாவது சொல்லுங்க மேடம்," என்றான் அரவிந்தன் லின்சியிடம்.

"நான் கேமராவைக் கீழ வச்சுட்டேன்," என்றாள் லின்சி. உண்மையிலேயே முக்காலி மேல் வைத்துவிட்டிருந்தாள். இந்த வேலை போனால் அடுத்தது எப்போது வரும் என்ற பயம் ஒரு பக்கம் இருக்கத்தான் செய்தது. கையைக் கட்டிக்கொண்டாள்.

அரவிந்தன் போன் செய்ததில் கால்மணி நேரத்தில் முதலாளி ஜெயக்குமார் வந்துவிட்டார். படியேறிய மூச்சு வாங்க, தரையில் உட்கார்ந்திருந்த தன் கடை முழுவதையும் பார்த்தார்.

"என்னம்மா ரஞ்சனி இது? கடை திறக்க வேண்டாமா?"

"திறக்கணும் முதலாளி. நாங்க ஒண்ணு கேக்குறோம். சர்வீஸ் படி நிக்கறோம். யாரு அதிக வருஷமோ அவங்க முன்னாடி. புதுசா வந்தவங்க பின்னாடி, பெஞ்சு மேல. எல்லார் முகமும் தெரியணும். அவ்வளவுதான்."

ஜெயக்குமார் அரவிந்தனைப் பார்த்தார். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கீழே வேன் டிரைவர் ஹாரன் அடித்தான்.

"எப்படியோ நின்னு எடுங்க. ஒன்பதரைக்கு எல்லாரும் சத்திரத்துல இருக்கணும்," என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

ஏழு படம் எடுத்தாள் லின்சி. ஏழிலும் ரஞ்சனி முன்வரிசை நடுவில்.

*

படங்களை அனுப்பும்போது அரவிந்தனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி சேர்த்து அனுப்பினாள்: 'யார் நிறத்தையும் மாற்றாமல் போட வேண்டும்.' அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையைப் பதிலாக அனுப்பினான். அவனுடைய சின்ன முகப்படம் அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. நேரில் அவன் ரஞ்சனி அளவுக்குக் கறுப்பு. அந்தப் படத்தில் தேய்த்துத் தேய்த்து வெளுத்து, யாரோ போல இருந்தான். அவளுக்கு ஒரு நிமிஷம் அவன் மேல் பரிதாபமாகக்கூட இருந்தது.

ஆவணி பிறந்து நாலாம் நாள் காலையில் போன் வந்தது. ரஞ்சனி.

"நல்லா இருக்கீங்களா? உங்களை நம்பினோம் பாருங்க. போர்டு ஏத்திட்டாங்க. போயிப் பாருங்க, நீங்க செஞ்ச வேலையை."

போன் வைக்கப்பட்டுவிட்டது. லின்சி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனாள்.

கடையின் நெற்றியில் போர்டு நின்றது. அவள் எடுத்த படம்தான். அதே புடவை, அதே கோபுரம். ஆனால் நாற்பத்தொரு முகத்துக்கும் ஒரே வெள்ளை. சுவருக்கு அடிப்பது போல ஒரே அடி. கழுத்தோடு வெள்ளை நின்றுவிட்டிருந்தது. கைகள் மட்டும் அவரவர் கைகளாகத் தொங்கின. ரஞ்சனியின் தழும்பு இல்லை, கன்ன எலும்பு இல்லை. அவள் இடத்தில் ரஞ்சனியின் மூக்குத்தியை வாங்கிப் போட்டுக்கொண்ட வேறு ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். மூலையில், நன்றாகப் படிக்கும்படி: படம்: லின்சி.

அங்கிருந்தே அரவிந்தனைக் கூப்பிட்டாள்.

"மேடம், முதலாளி பாத்து ஓகே பண்ணிட்டாரு. கொஞ்சம் பிரைட் பண்ணினோம், அவ்வளவுதான்."

"பிரைட் பண்றதுக்குப் பேரு இது இல்ல. வெளிச்சத்தைக் கூட்டினா எல்லாம் கூடும், புடவையும் கூடும். நீங்க கூட்டினது வெளிச்சத்தை இல்ல. நிறத்தைச் சுரண்டியிருக்கீங்க. மாத்தக்கூடாதுன்னு எழுதித் தந்திருக்கேன்."

"சரி மேடம், டென்ஷன் ஆகாதீங்க. உங்க பேரை எடுத்துடச் சொல்றேன். போதுமா?"

போதும் என்று வாய்வரை வந்தது. கோபத்தில் அவள் கேட்க நினைத்ததும் அதைத்தான். ஆனால் சொல்லப்போன நொடியில் அது எவ்வளவு சௌகரியமான வழி என்று தெரிந்தது. பெயரை எடுத்துவிட்டால் அவள் தப்பித்துவிடுவாள். அந்த முகங்கள் அங்கேயே நிற்கும்.

"போதாது," என்றாள்.

அன்று மத்தியானமே சத்திரத்துக் கடைக்குப் போனாள். பெண்கள் இரண்டு இரண்டு பேராகச் சாப்பிட வரும் நேரம். கிடங்குக்குப் பக்கத்து அறையில் ரஞ்சனி டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லின்சியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லின்சி சமாதானம் எதுவும் சொல்லவில்லை. லேப்டாப்பைத் திறந்து தான் அனுப்பிய படத்தையும், கூடவே அனுப்பிய வரியையும் காட்டினாள்.

ரஞ்சனி படித்தாள். மறுபடி படித்தாள். "நீங்க இல்லியா?" என்றாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு டிபன் பாக்ஸ் மூடியில் தயிர்சாதத்தை எடுத்து வைத்தாள்.

சாப்பிட்டுக்கொண்டே யோசித்தார்கள். "என் வீட்டுக்காரர் நேத்து வந்து பாத்தாரு," என்றாள் ரஞ்சனி. "ரோட்டுல நின்னு அஞ்சு நிமிஷம் தேடியிருக்காரு. 'உன்னைக் காணோமே, கடைசியில நீக்கிட்டாங்களா?'ன்னு கேக்குறாரு. பதினேழு வருஷம் குடும்பம் நடத்தின ஆளு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பவித்ராவுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது.

பில் போடும் தாளின் பின்பக்கத்தில் ரஞ்சனி எழுதினாள். கையெழுத்து பெரிது பெரிதாக, கோணலில்லாமல் இருந்தது: 'போர்டில் இருப்பது எங்கள் முகம் இல்லை. எங்கள் முகத்தை எடுத்த படியே வைக்க வேண்டும். இல்லை என்றால் எங்களை எடுத்துவிட வேண்டும். இதற்கு எங்களுக்குச் சம்மதம் இல்லை.' கீழே கையெழுத்து. சாயங்காலத்துக்குள் அந்தத் தாள் நாலு மாடியும் ஏறி இறங்கியது. நாற்பத்தொரு கையெழுத்து விழுந்தது.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை காலை. பந்தல், நாதஸ்வரம், குத்துவிளக்கு எல்லாம் தயார். வேனிலிருந்து இறங்கிய பெண்கள் கடைக்குள் போகவில்லை. போர்டுக்கு நேர் கீழே, எதிர்ப்புறம் பார்த்தபடி, சர்வீஸ் வரிசையில் நின்றார்கள். கோஷம் கிடையாது, பேச்சும் கிடையாது. கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள். பூக்காரம்மா ஒருத்தி உரக்கவே கேட்டாள்: "இவங்கதான் அவங்களா? மேல இருக்கிறது யாரு?"

ஜெயக்குமாரின் முகம் சிவந்தது. தாளைப் படித்தார். "ரஞ்சனி, விசேஷ நாள்ல இப்படி நிக்கறியே, நல்லா இருக்கா?"

"நல்லா இல்ல முதலாளி. அதுவும் நல்லா இல்ல." மேலே கை காட்டினாள். "உங்க கடையில பட்டு வாங்கிட்டுப் போறவங்க, வீட்டுல போயிப் பிரிச்சா வேற கலரா இருந்தா விடுவாங்களா? திருப்பிக் கொண்டாந்து மேசைமேல போட மாட்டாங்க?"

அரவிந்தன் குறுக்கே வந்தான். "சார், புதுசா அடிக்க ரெண்டு நாள் ஆகும். இப்ப ஒண்ணும் பண்ண முடியாது."

"முடியும்," என்றாள் லின்சி. அவள் தெருவோரமாகத்தான் நின்றிருந்தாள். யாரும் அவளை விழாவுக்கு அழைக்கவில்லை. "புதுசு வர்ற வரைக்கும் இதை மூடி வைக்கலாம். படத்தோட பைலை நானே பிரஸ்ஸுக்கு அனுப்புறேன். நடுவுல யாரும் கை வைக்க வேண்டாம்."

"நீங்க யாருங்க இதுல பேசுறதுக்கு?" என்றான் அரவிந்தன்.

"படம்: லின்சி," என்று மேலே காட்டினாள். "என் பேரு போட்டிருக்கீங்கல்ல, அவ."

முகூர்த்தம் ஒன்பதே கால். ஒன்பதாக எட்டு நிமிஷம். ஜெயக்குமார் கூட்டத்தைப் பார்த்தார். செல்போன்கள் மேலே உயர்ந்திருந்தன. பந்தல்காரரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். ஐந்து நிமிஷத்தில், பந்தலுக்கு மிச்சமிருந்த மஞ்சள் துணியை இரண்டு ஆட்கள் ஏணி போட்டு ஏறிப் போர்டு மேல் இழுத்துக் கட்டினார்கள். பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். விளக்கேற்றினார்கள்.

புது போர்டு புதன்கிழமை ஏறியது. லின்சி பிரஸ்ஸில் மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று அடிக்க வைத்திருந்தாள்.

*

இது சும்மா முடிந்துவிடவில்லை. அடுத்த வாரமே ரஞ்சனியைப் பட்டு செக்‌ஷனிலிருந்து எடுத்துத் தரைத்தளத்தில் நைட்டி செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். காரணம் கேட்டதற்கு 'ரொட்டேஷன்' என்றார்களாம். பதினாறு வருஷத்தில் யாரும் கேள்விப்படாத வார்த்தை. விளம்பரக் கம்பெனியிலிருந்து லின்சிக்கு ஒரு மாதம் போனே இல்லை. பிறகு ஒருநாள் அரவிந்தன் கூப்பிட்டான். வேறு கடை, தீபாவளி வேலை.

"உங்க லைட்டிங் மாதிரி யாருக்கும் வராது மேடம், அதை ஒத்துக்கறேன். ஆனா இந்தத் தடவை எடிட்டிங் பக்கம் நீங்க வரக்கூடாது. படத்தைக் குடுத்துட்டு ஒதுங்கிக்கணும்."

ஸ்டுடியோவில் அன்று முழுவதும் ஒரு பாஸ்போர்ட் படம்கூட எடுக்க ஆள் வரவில்லை. லின்சி வெளியே தெருவைப் பார்த்தாள்.

"முடியாதுங்க," என்றாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்குக் கூப்பிடறேன்."

"நாளைக்கும் முடியாது."

சாயங்காலம் சத்திரத்துக் கடைக்குப் போனாள். நைட்டி செக்‌ஷனில் கூட்டம் நெரிந்தது. மலைபோல் குவிந்த துணிகளுக்கு நடுவே ரஞ்சனி நின்றிருந்தாள்.

"உங்களை இங்க தள்ளினதுக்கு நாம கேக்கணும்க்கா. விடக்கூடாது. மறுபடியும் எழுதுவோம்."

"எழுதியாச்சு," என்றாள் ரஞ்சனி துணியை மடித்துக்கொண்டே. "நேத்தே குடுத்துட்டேன். பட்டு செக்‌ஷன்ல ஒன்பது பேரு கூடவே கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஐப்பசி முகூர்த்தம் வருதுல்ல, மேல வர்றவங்கள்லாம் 'ரஞ்சனி எங்க?'ன்னு கேப்பாங்க. பதில் சொல்றது முதலாளி பாடு." குரலைத் தாழ்த்தினாள். "போர்டை இறக்கலல்ல?"

"இல்ல. ஸ்ரீரங்கம் போயிப் பாத்துட்டுதான் வந்தேன்."

"அவரு மறுபடி போயிப் பாத்தாரு. எங்க வீட்டுக்காரரு. 'எம்மாம் பெருசா நிக்கிறே நீ'ன்னாரு." ரஞ்சனி சிரித்தாள். பக்கத்தில் ஒரு பெண் நைட்டி ஒன்றை விரித்துப் பிடித்துச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரஞ்சனி அந்தப் பக்கம் திரும்பினாள். "சாயம் போகாதுக்கா, தைரியமா எடுங்க. என்ன சைஸ் பாக்கறீங்க?"